இரண்டு ஆண்டு கழிந்தது, சான்றிதழ் எங்கே?

சென்ற தை மாதத்தில் ஓர் அங்கத்தினர் தம் மகனைச் சங்கத்துக்கு அழைத்து வந்தார். பையன் பிட்டர் தொழிலில் இரண்டு ஆண்டு பயின்றவன். ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சங்கத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டி வந்திருந்தார்கள். “சான்றிதழைக் காட்டு தம்பி” என்றேன். பையன் தலைகுனிந்தான். தந்தையோ, “ரெண்டு வருஷமும் முடிச்சுட்டானுங்களே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கழிந்ததும் படிப்பு முடிந்ததும் ஒன்றே என்று மனமார நம்பியிருந்தார். பையன் இறுதித் தேர்வுக்கு அனுமதிக்கப்படவேயில்லை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வருகை நாட்கள் போதவில்லையாம்.

இத்தகைய வீடுகள் நம் சங்கத்தில் ஒன்றிரண்டல்ல. ஆகையால் இரண்டாண்டுப் படிப்புகளில் சான்றிதழ் பெறுவதற்குரிய நிபந்தனைகள் யாவை என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டத்தை இந்திய அரசு 1950ஆம் ஆண்டு தொடங்கிற்று. நம் புதுக்கோட்டையில் உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உட்பட நாடெங்கும் உள்ள நிலையங்கள் அத்திட்டத்தின்படி நடப்பவை. பிட்டர், எலக்ட்ரீஷியன் முதலிய தொழில்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இரண்டு ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். ஆண்டொன்றுக்கு 1,200 மணி நேரம் பாடம்; அதில் 840 மணி பட்டறையில் கைவேலை. தேர்வில் செய்முறைக்கு நூற்றுக்கு 60 வாங்கினால்தான் தேர்ச்சி. ஏட்டுப் பாடங்களுக்கு 33 போதும்.

இந்த அறுபதும் முப்பத்து மூன்றும் எனக்கு மிகவும் பிடித்த எண்கள். நம் ஊர் மன்னர் கல்லூரி ஒரு காலத்தில் இரண்டாம் தரக் கல்லூரியாக இருந்தது. மெட்ரிகுலேஷனுக்குப் பின் இரண்டு ஆண்டு படித்து எப்.ஏ. பரீட்சை எழுதுவார்கள், பிற்பாடு அதுவே இண்டர்மீடியட் ஆயிற்று. ஏட்டறிவைக் காகிதத்தில் எழுதிக் காட்டுவதே அதில் முதன்மையாக இருந்தது. தொழிற்பயிற்சியிலோ தராசு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. தறியைப் பற்றி அழகாகப் பேசத் தெரிந்தவனைவிட, அறுந்த இழையைப் பிணைத்து ஓட்டத் தெரிந்தவனுக்கே நாம் கூலி கொடுக்கிறோம். அந்த நியாயம் இந்த விதியில் இருக்கிறது. ஏட்டில் சற்றுப் பின்தங்கிய நம் பிள்ளைகள் அஞ்சவேண்டியதில்லை. பட்டறையில் நிற்பவனை இவ்விதி கைவிடாது.

பட்டறையில் நிற்பவனை என்றுதான் சொன்னேன். சங்கடம் அங்கேதான் வருகிறது. நூற்றுக்கு 80 பங்கு வருகை இருந்தாலன்றித் தேர்வெழுத இயலாது. 1,200 மணியில் 960 மணி. அதாவது ஓராண்டில் தவறக்கூடியது 240 மணி. நாளுக்கு ஏழெட்டு மணி எனக் கொண்டால் முப்பது நாளுக்குச் சற்று மேல். ஆகஸ்டில் பயிற்சி தொடங்குகிறது. புரட்டாசி, ஐப்பசியில் சம்பா நடவு; அதே சமயம் தறி வைத்திருக்கும் வீட்டில் தீபாவளி அவசரம். தையில் அறுவடை. அதற்குப் பின் ஒரு கல்யாணம், ஒரு திருவிழா. “நாலு நாள் வந்து கை கொடு” என்று தகப்பனார் அழைத்தால் எந்தப் பிள்ளை மறுப்பான்? ஒவ்வொரு தடவையும் நாலு நாள்தான். கூட்டிப் பார்த்தால் முப்பதைத் தாண்டிவிடுகிறது. ஒரு பாடத்தில் தோற்றவன் அதனை மறுமுறை எழுதித் தேறலாம். வருகை குறைந்தவனுக்கோ தேர்வு மண்டபத்தின் கதவே திறப்பதில்லை.

விதியைத் தளர்த்த வேண்டும் என்று நம்மில் சிலர் கூறுகின்றனர். நான் உடன்படேன். கைவேலை கை பழகித்தான் வரவேண்டும். பழகாதவனுக்கு மின்சாரக் கம்பியைத் தொடும் அத்தாட்சி கொடுப்பது அவன் உயிருக்கே ஆபத்து. ஆனால் ஒரு குறையைச் சொல்லாதிருக்க முடியாது. நான் மேலே சொன்ன பையனின் வருகைக் குறைவு கடைசி மாதம் வரை வீட்டுக்கு எட்டவில்லை. மாதந்தோறும் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அந்தத் தந்தை தையில் ஆள் வைத்து அறுத்திருப்பார். அறுவடைக் கூலி எவ்வளவாயினும் இரண்டு ஆண்டின் விலைக்கு ஈடாகுமா?

கல்லூரியில் சேர்ந்து இரண்டு ஆண்டோடு நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ஓர் ஏற்பாடு வகுத்தது. இரண்டு ஆண்டில் 80 கிரெடிட் பெற்று விலகுபவர்க்குப் பட்டயம் உண்டு. ஆனால் கோடை விடுமுறையில் தொழில்சார்ந்த பாடத்திலோ களப்பயிற்சியிலோ இன்னும் 4 கிரெடிட் பெற வேண்டும். அந்த நாலை விட்டவனுக்குப் பட்டயம் இல்லை. மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்து சேரலாம். ஏழு ஆண்டுக்குள் பட்டத்தை முடிக்கலாம். நம் மாநில அரசோ அக்கொள்கையை ஏற்காமல் 2025இல் தனக்கென ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஆகையால் எல்லாக் கல்லூரியிலும் இவ்வழி உண்டென்று எண்ணிப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சேரும் நாளிலேயே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

சான்றிதழ் கைக்கு வந்தால் வழிகள் பல திறக்கின்றன. இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலையில் உதவித்தொகையுடன் அப்ரண்டிஸ் ஆகலாம். தறியிலேயே இருந்துகொண்டு படிக்க விரும்பும் நெசவாளர் குடும்பத்தினருக்கும் வழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு மத்திய ஜவுளி அமைச்சகம் 2016இல் உடன்படிக்கை செய்து கட்டணச் சலுகைக்கு ஏற்பாடு செய்தது. இதனை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

அடுத்த நிர்வாகக் குழுவில் நான் வைக்க எண்ணியுள்ள யோசனை இது. இரண்டாண்டுப் படிப்பில் இருக்கும் அங்கத்தினர் பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பது. மாதம் ஒரு முறை சங்கத்தின் எழுத்தர் பயிற்சி நிலையத்துக்குச் சென்று வருகைக் கணக்கைக் கேட்டுவந்து பெற்றோருக்குச் சொல்வது. சங்க விவசாயக் கடன் பெற்றவர் வீட்டில் அறுவடைக்கு ஆள் இல்லையெனில், அண்டை வீட்டு அங்கத்தினர்கள் மாற்றாள் வைத்துக் கொடுப்பது. செலவு எழுத்தரின் பஸ் கட்டணந்தான். அந்தப் பையனின் பெயரையே முதல் வரியில் எழுத உத்தேசம். தேர்வெழுத அவனுக்கு இனி என்ன வழி என்று விசாரித்து வர வருகிற திங்கட்கிழமை அவன் தந்தையோடு நானும் செல்கிறேன்.