மலைக்கும் ஒரு வாசல் வேண்டும்

ஹோட்டன் சமவெளியின் நுழைவாயிலில் உத்தியோகத்தர்கள் பையைத் திறந்து பார்ப்பதைப் பலர் தொல்லையாகவே நினைக்கிறார்கள். பிஸ்கட்டைப் பிரித்துக் கடதாசிப் பையில் கொட்டுகிறார்கள். சோறு சுற்றிய லஞ்ச் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் மெல்லிய லேபலைக்கூட உரித்தெடுத்துவிட்டுத்தான் போத்தலைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். விடியுமுன் எழும்பி, மூடுபனி ஏறுவதற்குள் உலக முடிவைப் பார்த்துவிட ஓடி வந்தவர்களுக்கு இதெல்லாம் எரிச்சலூட்டும்தான். ஆனால் 1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய அந்தச் சமவெளியில், உலக முடிவு, சிறிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வரும் ஒன்பதரைக் கிலோமீற்றர் பாதை இவ்வளவு சனத்துக்குப் பிறகும் பாதையாகவே இருக்கிறது என்றால், அதற்கு அந்த வாசலும் ஒரு காரணம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் சேரும் இடம் அது. அங்கே விழும் பொலித்தீன் அங்கேயே கிடக்காது, ஆற்றோடு கீழே இறங்கும்.

அப்படியொரு வாசல் இல்லாத மலைகள் எங்கள் கேகாலை மாவட்டத்தில் எத்தனையோ. சனி, ஞாயிறு காலைகளில் கொழும்பிலிருந்து கண்டி வீதியால் வரும் மோட்டார் சைக்கிள்களும் வேன்களும் வரக்காப்பொலையில் நிற்கின்றன. பிளேன்டீ குடித்து, தலகுளி வாங்கிக்கொண்டு மாவனெல்லைப் பக்கமும் கடுகண்ணாவைப் பக்கமும் போகின்றன. ஒரு கூட்டம் அலகல்லைக்கு, இன்னொன்று பைபிள் கல் என்று எல்லாரும் சொல்லும் பத்தலேகலைக்கு, வேறொன்று சரதியேலின் பெயரோடு ஒட்டிக்கொண்ட உதுவன்கந்தைக்கு. சிலர் கூடாரமும் கொண்டுபோகிறார்கள். ஏறுகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. இறங்கினார்களா என்று பார்க்கவும் ஆளில்லை. தேசிய பூங்காவுக்குள் இருக்கும் மலைக்கு ஒரு நியாயம், வெளியே இருக்கும் மலைக்கு இன்னொரு நியாயம் என்ற நிலை மாற வேண்டும். சனம் ஏறும் ஒவ்வொரு மலைக்கும் அடிவாரத்தில் ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலில் நிற்பவர் அந்த அடிவாரத்தவராகவே இருக்க வேண்டும்.

குப்பை மட்டும்தான் பிரச்சினை என்றால் இவ்வளவு வற்புறுத்தத் தேவையில்லை, சிரமதானம் செய்து அள்ளிவிடலாம். உயிர் போனால் அள்ள முடியாது. 2018 மார்ச் 11ஆம் திகதி தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், குரங்கணி மலையில் காட்டுத்தீயில் அகப்பட்டவர்களில் 23 பேர் இறந்தார்கள். அவர்கள் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பக்கமாக ஏறி, காய்ந்த புல் நிறைந்த சரிவால் இறங்கிக்கொண்டிருந்தவர்கள். அனுமதி வாங்கியது ஒரு பாதைக்கு, நடந்தது வேறு பாதையில் என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. அந்த மாதத்தில் அந்தப் புல் எப்படிப் பற்றும் என்பது அடிவாரத்து ஊர்க்காரருக்குப் புதிய சங்கதி அல்ல. நகரத்திலிருந்து வந்தவர்களுக்குத்தான் அது தெரியாது. தமிழ்நாட்டு அரசு அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 ஒக்டோபரில் நாற்பது பாதைகளைத் தேர்ந்து, இணையத்தில் பதிவு செய்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு நடக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. காட்டுத்தீக் காலத்தில் அந்தப் பாதைகள் மூடப்படுகின்றன. இருபத்துமூன்று பேர் போன பிறகுதான் இது நடந்தது. நாம் அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை.

எங்களுக்குத் தீயைவிடப் பெரிய பயம் மழை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியதையும், அதே நாட்களில் புலத்கொஹுபிட்டியவில் களுபான தோட்ட லயனில் இருந்த குடும்பங்கள் மண்ணுக்குள் போனதையும் இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அன்றிலிருந்து வானம் இருண்டாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத்தான் சனம் எதிர்பார்த்திருக்கிறது. இன்ன பிரதேச செயலாளர் பிரிவு, இன்ன மட்டம் என்று அறிவிப்பு வரும். வீட்டில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்கிறது. தெஹிவளையிலிருந்து வந்து, போனில் சிக்னல் இல்லாத பாறை ஓரத்தில் கூடாரம் அடித்திருக்கும் பையனுக்கு யார் சொல்வது? கீழே இருப்பவர்களை வீட்டைவிட்டு எழும்பச் சொல்லும் நாளில், மேலே யாரோ மழையில் படம் எடுத்துக்கொண்டு நிற்க முடிகிற நாடு இது. வாசலில் ஒரு ஆள் இருந்தால், "இண்டைக்கு ஏற வேண்டாம் தம்பி" என்ற ஒரு சொல்லாவது இருக்கும்.

வாசல் இருந்தும் விபத்து நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறது. 2015இல் உலக முடிவில், புது மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் கால் வைத்த ஒல்லாந்துப் பயணி ஒருவர் விளிம்பிலிருந்து விழுந்தார். மரமொன்று தாங்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கி மீட்டு, நெடுந்தூரம் சுமந்து வந்தார்கள். எண்ணூறு மீற்றருக்கு மேல் ஆழமான இடத்தில் ஒரு மனிதன் பிழைத்ததற்கு மரம் பாதிக் காரணம். விழுந்தது உடனே தெரிந்ததும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்ததும் மீதிப் பாதி. அலகல்லையில் ஒருவர் வழுக்கினால் முதல் தொலைபேசி அழைப்பு எங்கே போகும்? அந்த மலையின் ஒரு பக்கம் கேகாலை, மறுபக்கம் கண்டி. பொலிசும் இரண்டு, செயலகமும் இரண்டு.

யார் அந்த வாசலில் நிற்பது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை இருபத்திரண்டு கட்டங்களாக, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. அதைத் திறப்பதற்காகப் புதிதாகப் பாதை வெட்டவில்லை. தேயிலை கொண்டுபோன பழைய வண்டிப் பாதைகளும், கொழுந்துக் கூடையோடு நம் சனம் ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதைகளும்தான் அதில் பெரும்பகுதி. உலகப் பத்திரிகைகள் அதைப் புகழ்ந்து எழுதுகின்றன, மகிழ்ச்சி. ஆனால் சப்ரகமுவவின் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள் அந்த வரைபடத்தில் இல்லை. எங்கள் மலைகளுக்குக் கீழே லயன்களிலும் சிங்களக் கிராமங்களிலும் இருக்கும் பிள்ளைகள், விடிகாலையில் பால் வெட்டப் போகும் தாய் தகப்பனைப் பார்த்து வளர்ந்துவிட்டு, கொழும்பில் கடைக்கும் ஹோட்டலுக்கும் வேலைக்குப் போகிறார்கள். எந்தப் பாறை மழையில் வழுக்கும், எங்கே குளவிக் கூடு இருக்கிறது, எந்த ஓடை மத்தியானத்துக்குப் பிறகு பெருகும் என்று அவர்களுக்குத் தெரிந்ததற்கு இன்றைக்கு ஒரு சதமும் விலை இல்லை.

இங்கே ஒரு கனமான மறுப்பு வரும். துரையின் பெட்டியைச் சுமந்த பாட்டன்மாரின் பேரனை இப்போது கொழும்பான் பையைச் சுமக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதைப் பெற்ற சமூகத்திடம், "இதோ இன்னொரு கூலி வேலை" என்று நீட்டினால் அது அவமானம். வழிகாட்டி வேலை அப்படி ஆகாமல் இருக்க, கூலியை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். தோட்டக் கம்பனியோ, பயண முகவரோ தீர்மானித்தால் அது பழைய கதையின் அடுத்த அத்தியாயம். பயிற்சியும் முதலுதவிச் சான்றிதழும் அடையாள அட்டையும் உள்ள வழிகாட்டிகள், கிராமத்தவரும் தோட்டத்தவருமாக ஒரு சங்கமாகச் சேர்ந்து கட்டணத்தைத் தாங்களே வைத்தால் கதை வேறு. பையைச் சுமக்கமாட்டோம், பாதையைக் காட்டுவோம் என்று முதல் விதியாக எழுதிக்கொள்ளட்டும். "ஏறக்கூடாது" என்று சொல்லும் அதிகாரமும் அவர்களிடம் இருக்கட்டும். கூலிக்காரனுக்கு அந்த அதிகாரம் ஒருநாளும் இருந்ததில்லை.

கட்டணம் வைத்தால் ஏழைக்கு மலையும் இல்லாமல் போகும் என்பது இன்னொரு மறுப்பு. ஹோட்டன் சமவெளியில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரே கட்டணம் இல்லை. அதே வழியில் இன்னொரு படி கீழே போகலாம்: அந்தப் பிரதேசத்தவருக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கட்டணமே வேண்டாம். விறகுக்குப் போகிறவரையும், கோயிலுக்கும் பன்சலைக்கும் ஏறுகிறவரையும் யாரும் டிக்கட் கேட்கக் கூடாது. சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை நாடே டிக்கட் இல்லாமல்தான் ஏறுகிறது. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் பருவம் முடிந்த பிறகு அந்தப் படிக்கட்டோரங்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் பொலித்தீன் இறக்கப்படுவதைப் பார்த்தவர்கள், இலவசம் என்றால் காவலே வேண்டாம் என்று பொருள் கொள்ளமாட்டார்கள்.

காசு பெட்டிக்குள் போய்க் காணாமல் போகும் என்ற சந்தேகத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, இந்த நாட்டில் யாரிடமும் இருக்காது. கணக்கை மாதம் ஒருமுறை பிரதேச சபையின் அறிவித்தல் பலகையில் இரண்டு மொழியிலும் ஒட்டினால், குறைந்தபட்சம் எவ்வளவு காணாமல் போனது என்றாவது தெரியும்.

எல்லா மலையிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. அலகல்லையில் தொடங்கலாம். இரண்டு மாவட்டச் செயலாளர்கள், வன, வனசீவராசிகள் திணைக்களங்கள், பாதை குறுக்கிடும் தோட்டங்களின் நிர்வாகம், அடிவாரத்து மக்கள் ஆகியோர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முதலில் தீர்க்க வேண்டியது மூன்றே சங்கதி: வாசல் எந்தப் பக்கம், புத்தகத்தில் பெயர் எழுதுவது யார், மழை எச்சரிக்கை வந்தால் மூடுவது யாருடைய பொறுப்பு. டிக்கட் விலையைப் பிறகு பேசலாம். பதிவுப் புத்தகத்துக்கும் பேனைக்கும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு தேவைப்படாது.