நோய் நீங்கித் திரும்பும் அங்கத்தினரும் நமது சங்கங்களும்

காரைக்கால் வட்டாரத்துப் பட்டினச்சேரிக் கடற்கரையில் காலை வேளையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். படகுகள் கரைசேர்ந்து மீன் இறக்கப்படும் பரபரப்பிற்குச் சற்று ஒதுங்கி, நிழலில் சிலர் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பர். அவர்களில் வயது முதிர்ந்தவர் உண்டு. நோயிலிருந்து எழுந்து, இன்னும் கடலுக்குச் செல்லும் வலிமை பெறாதவரும் உண்டு. அவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று எவரும் சொல்வதில்லை. வலை பொத்துவதும் தொழிலே; அஃது இல்லையேல் மறுநாள் வலை வீச இயலாது. கடலை நம்பி வாழும் மக்கள் இயல்பாகக் கண்ட இவ்வேற்பாட்டை, சட்டமும் துணைவிதியும் வகுத்துக்கொண்டு நடக்கும் நமது சங்கங்கள் இன்னும் கற்கவில்லை. இதைக் குறை சொல்வதற்கு முன், குற்றத்தில் நமது பங்கையும் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

சில காலத்திற்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றின் ஏடுகளை நாம் ஆய்வு செய்தோம். அங்கத்தினர் ஒருவர் ஆறு மாதமாகத் துணி ஒப்படைக்கவில்லை. கடன் தவணையும் நிலுவையாக நின்றது. அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையினால் கோடிட்டு, ‘உற்பத்தி இல்லை, நடவடிக்கை தேவை’ என்று குறித்துவிட்டு வந்தோம். நடவடிக்கை எடுக்கப்பட்டது. கொட்டகையில் அவருக்கிருந்த தறி வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த முறை சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. அவர் இரைப்பையில் புற்றுநோய் கண்டு, அதில் பெரும்பகுதியை அறுவை செய்து நீக்கியிருந்தார்கள். முப்பது ஆண்டு தறியில் அமர்ந்த மனிதர், உடல் பாதியாகி, சங்க வாயிலில் நின்றுகொண்டிருந்தார். “ஐயா, தறி போனது பெரிதல்ல. என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டிருக்கிறதே, அது செத்தவனுக்குப் போடுகிற கோடு அல்லவா?” என்றார். அக்கோட்டினை இட்ட கை நம்முடையது என்பது அவருக்குத் தெரியாது. அன்று நாம் பதில் சொல்லவில்லை. இக்கட்டுரையே அந்தப் பதில்.

புற்றுநோய் என்றால் முடிவு என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. 1881ஆம் ஆண்டில் வியன்னா நகரில் பில்ராத் என்னும் மருத்துவர் இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கும் அறுவையை முதன்முதலாக வெற்றியுடன் செய்தார். 1897இல் சூரிச் நகரில் ஷ்லாட்டர் என்பவர் இரைப்பை முழுவதையும் நீக்கினார். அந்த நோயாளி ஐம்பத்தாறு வயதான ஒரு பெண்மணி. தொழிலால் அவர் பட்டு நெசவாளி என்பதை நமது வாசகர்கள் கவனிக்கவேண்டும். இரைப்பையே இல்லாமல் அவர் ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். நமது நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை ஒரு நிறுவனமாக மாற்றினார்; 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று குடலிலும் இரைப்பையிலும் வந்த நோயைக் காலத்தில் கண்டு நீக்கிக்கொண்டு பல ஆண்டு வாழ்வோர் உண்டு. அவர்கள் வீடு திரும்பியபின் எவ்வாறு வாழ்வது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

அறுவை முடிந்தவுடன் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. பலருக்குப் பின்னரும் சில மாதங்கள் மருந்து ஏற்றவேண்டியிருக்கும். இங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குச் சுமார் 130 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் போய்வர நோயாளிக்கும் துணை வருபவருக்கும் வேலைநாள் வீணாகும். வயிறு கீறித் தைக்கப்பட்டவர் மருத்துவர் அனுமதிக்கும்வரை பாரம் தூக்கலாகாது. தூக்கினால் தையலிட்ட இடம் தளர்ந்து குடலிறக்கம் ஏற்படக்கூடும். நெல் மூட்டையும், மருந்து தெளிக்கும் கருவியும், நூல் பொதியும் இத்தடைக்குள் அடங்கும். இரைப்பை குறைந்தவர் மூன்று வேளை வயிறார உண்ண இயலாது; சிறிது சிறிதாக ஆறு வேளை உண்ணவேண்டும். இனிப்பை மிகுதியாக உண்டால் அரைமணிக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றும். இரைப்பை முழுவதும் நீக்கப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் பி12 வைட்டமினைப் பெறவேண்டும். கல்லீரலில் உள்ள சேமிப்புக் கரைய ஆண்டுகள் ஆவதால், இப்போது சுகமாக இருக்கிறதே என்று விட்டவர் பின்னால் சோகையாலும் நரம்புத் தளர்ச்சியாலும் வருந்துவர்.

குடலில் அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்கு வயிற்றின்மேல் ஒரு வாயில் அமைத்துப் பை பொருத்தியிருப்பார்கள். குழித்தறியில் அமர்ந்தால் துணி சுற்றும் மரம் வயிற்றுக்கு நேரே நிற்கும். அது பையை அழுத்தாதபடி இருக்கையை ஏற்றியோ தள்ளியோ அமைத்தல் வேண்டும். சிறுகுடலில் வாயில் அமைந்தவருக்கு நீரும் உப்பும் விரைவில் வெளியேறும். சித்திரை வெயிலில் வயலில் நிற்பவர் அடிக்கடி உப்பிட்ட கஞ்சியோ மோரோ அருந்தவேண்டும். இவையெல்லாம் பெருஞ்செலவு பிடிக்கும் வசதிகள் அல்ல. ஒரு பலகை, ஒரு குடம் நீர், கதவுள்ள ஒரு கழிப்பிடம், நடுவில் எழுந்து உண்பதற்கு முகஞ்சுளிக்காத மேற்பார்வை ஆகியவையே வேண்டுவன. புற்றுநோய் தொற்றுநோய் அன்று என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது. திரும்பி வந்தவருக்குத் தனிக் குவளை வைக்கும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம்.

“சங்கம் தர்மஸ்தாபனம் அன்று” என்று நிர்வாகக் கமிட்டியார் சொல்லக்கூடும். நாமும் தர்மம் கேட்கவில்லை. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக்கு வித்திட்டபோது, வேலையற்றும் கூலி குறைந்தும் வாடும் அங்கத்தினர்க்கு வேலை அளிக்கப் பண்டங்கள் உற்பத்தி செய்வதும் அவர்கள் வகுத்த நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. ஆலைத் தொழிலாளிக்குத் தொழிலாளர் அரசு காப்பீட்டின்கீழ் நீண்டகால நோய்க்கு உதவித்தொகை உண்டு. புற்றுநோயும் அப்பட்டியலில் அடங்கும். துணிக்குக் கூலி பெறும் நெசவாளிக்கும் சொந்த நிலத்தில் உழைக்கும் விவசாயிக்கும் அந்தத் துணை இல்லை. மருத்துவமனைச் செலவை அரசின் திட்டம் ஏற்றாலும், வருமானமின்றிக் கழியும் மாதங்களை யார் ஏற்பது? மேலும், முப்பது ஆண்டுப் பயிற்சியுள்ள கை சங்கத்தின் மூலதனம். அதைக் கழித்துவிட்டு நிலுவையை மட்டும் வசூலிக்க முனைவது எந்தக் கணக்கிலும் இலாபம் ஆகாது.

எனவே நமது யோசனைகள் இவை. மருத்துவச் சான்று தந்த அங்கத்தினரின் தறியை ஓராண்டுவரை தற்காலிகமாகவே பிறருக்கு ஒதுக்கவேண்டும். பெறுபவரிடம் அதை எழுத்தில் தெரிவித்துவிட்டால் அவருக்கும் அநீதி இல்லை. துணைவிதிக்கு உட்பட்டுத் தவணைக் காலத்தை நீட்டிக்கத் தீர்மானம் இயற்றவேண்டும். திரும்புபவருக்கு முதலில் தார் சுற்றுதல், நூல் தரம் பிரித்தல், இருப்பு எழுதுதல் போன்ற வேலை தந்து, பின்னர் அரைப் பங்குப் பாவும், உடல் தேறியபின் முழுப் பாவும் கொடுக்கலாம். விவசாய அங்கத்தினருக்கு உழவு இயந்திரத்தை முன்னுரிமையில் அளித்து, மூட்டை தூக்க அண்டை அயலார் முறைவைத்து உதவலாம். நம்மைப் போன்ற ஆய்வாளர்கள் சிவப்பு மையைத் தொடுமுன் அந்த அங்கத்தினரின் வீட்டு வாசலை ஒருமுறை மிதிக்கவேண்டும்.

திரும்பும் அன்பர்களுக்கும் ஒரு சொல். நோயை மறைக்காதீர்கள், மறைத்தால் சங்கம் உங்களைத் தவணை தவறியவர் என்றே அறியும். வெட்கத்தினால் காலத்திற்கு முன் தறியில் ஏறாதீர்கள். உடல் தேறிவிட்டது என்று மறுபரிசோதனையை நிறுத்தாதீர்கள். களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அது சோம்பல் அன்று.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட நெசவாளர் இன்று காலையில் தார் சுற்றுகிறார். பிற்பகலில் இரண்டு மணிநேரம் நெய்கிறார். நமது பழைய குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டோம். எனினும் சிவப்புக் கோடு ஏட்டில் இருக்கவே இருக்கிறது, மை அழியாது. நோய் மீளுமா என்று அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எத்தனை ஆண்டுகள் கிடைத்தாலும் அவற்றை அவர் அங்கத்தினராகவே வாழட்டும். அடுத்த பொதுக்குழுவில் இப்பொருளை வைத்து ஒவ்வொரு சங்கமும் ஒரு தீர்மானம் இயற்றுமாறு வேண்டுகிறோம்.