பேரும் ஊரும்

“ஊர் பேர் தெரியாதவன்” என்று ஒருவரை ஒதுக்கிப் பேசுவது நம் வழக்கம். ஊரும் பேரும் சொன்னால்தான் ஆளைத் தேடிப் பிடிக்க முடியும். கணிப்பொறிகளின் உலகத்திலும் இதுதான் நடைமுறை. அங்கே ‘ஊர்’ என்பது ஓர் எண். ‘பேர்’ என்பது நாம் நினைவில் வைத்துக்கொண்டு தட்டும் முகவரி. பேரைச் சொன்னால் எண்ணை எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பெயர்ச் சேவை என்கிறார்கள். நாள்தோறும் அதனைப் பயன்படுத்துகிறோம். ஒரு முறையேனும் நினைத்துப் பார்ப்பதில்லை. இந்தப் பெயர்ப் பதிவேடு யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியைக் கணிப்பொறித் துறையாருக்கு மட்டும் விட்டுவிடலாகாது என்பது என் கருத்து. அதை விளக்கச் சிறிது பழங்கதை சொல்ல வேண்டும்.

1970களில் அமெரிக்காவின் ‘அர்ப்பாநெட்’ வலைப்பின்னலில் இருந்த கணிப்பொறிகள் மிகச் சிலவே. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் ஒன்று அவற்றின் பெயர்களையும் எண்களையும் ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தது. புதிதாக ஒரு கணிப்பொறியை இணைப்பவர்கள் அந்த மையத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பை நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஊர் சிறிதாக இருக்கும்வரை ஒரே கணக்குப்பிள்ளை போதும். நாடு முழுமைக்கும் அவர் ஒருவரே கணக்கு எழுத வேண்டுமென்றால் என்ன ஆகும்? வலைப்பின்னல் வளர வளரக் கோப்பும் பெருத்தது. நகல் எடுப்பதற்குள் பட்டியல் பழையதாகிவிட்டது.

1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். பெரிய கோப்புக்குப் பதிலாக இன்னும் பெரிய கோப்பை அவர் தேடவில்லை. பொறுப்பைப் பங்கிட்டார். அவரவர் பெயர்களை அவரவரே காத்துக்கொள்ளட்டும் என்றார்.

தபால் உறையை எண்ணிப் பாருங்கள். மேலிருந்து எழுதுகிறோம், தபால்காரர்களோ கீழிருந்து படிக்கிறார்கள். முதலில் மாநிலம், பிறகு மாவட்டம், பிறகு ஊர், கடைசியில் கதவு எண். வலைப்பின்னலின் முகவரியும் அவ்வாறே பின்னாலிருந்து படிக்கப்படுகிறது. ‘இன்’ என்று முடியும் ஒரு கல்லூரியின் முகவரியைத் தட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நம் சார்பில் ஒரு கணிப்பொறி முதலில் ‘வேர்’ எனப்படும் தலைமையிடம் கேட்கிறது. கல்லூரியின் எண் வேருக்குத் தெரியாது. “‘இன்’ பதிவேட்டை வைத்திருப்பவரைக் கேள்” என்று மட்டும் அது சொல்கிறது. அவரும் எண்ணைச் சொல்வதில்லை. கல்லூரியின் பெயரைக் காக்கும் கணிப்பொறியைக் கைகாட்டுகிறார். எண் கிடைப்பது அங்கேதான். கிடைத்த விடையை இத்தனை நேரம் வரை நினைவில் வைத்திரு என்ற குறிப்பும் உடன் வருகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் வேர்வரை போக வேண்டியதில்லை.

தலைமைக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, யாரைக் கேட்பது என்று தெரிந்தால் போதும் என்ற இந்தத் தத்துவம் என்னை வியக்க வைக்கிறது. அந்த வேரும் ஒருவர் கையில் இல்லை. 13 பெயர்களில் 12 நிறுவனங்கள் அதனை நடத்துகின்றன. அதன் படிகள் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. ‘இந்தியா’, ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளுக்கும் இன்று அந்த மரத்தில் கிளைகள் உண்டு.

பெயர்ச் சேவைக்கு உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. அது டைரக்டரி சேவை. முன்னது “எங்கே?” என்ற கேள்விக்கு விடை சொல்லும். பின்னது “யார்? எந்தத் துறை? எதைத் திறக்க உரிமை பெற்றவர்?” என்பவற்றுக்கும் விடை சொல்லும். 1988இல் எக்ஸ்.500 என்ற பெயரில் இதற்கு அனைத்துலக நெறி வகுக்கப்பட்டது. 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதனை எளிதாக்கி ‘எல்டாப்’ என்ற முறையை உருவாக்கினார்கள். ஒரே கடவுச்சொல்லால் நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் திறக்க முடிவது இத்தகைய சேவையால்தான். இங்கும் மரம், கிளை, பொறுப்புப் பங்கீடு என்பவையே அடிப்படை.

இவ்வளவு அழகாகப் பங்கிட்டதை நாம் மறுபடியும் சிலர் கையில் குவித்துவிட்டோம் என்பதே என் குறை. 2016 அக்டோபர் 21 அன்று ‘டைன்’ என்ற ஒரே பெயர்ச் சேவை நிறுவனம் தாக்கப்பட்டது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய பல தளங்கள் பலருக்கு எட்டாமல் போயின. அந்தத் தளங்களின் கணிப்பொறிகள் பழுதடையவில்லை. பேரைச் சொல்ல ஆளில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் பராமரிப்புப் பணியில் பிறந்த ஒரு தவறான கட்டளை அதன் உள்வலையை அறுத்தது. பெயர் சொல்லும் அதன் கணிப்பொறிகளும் வெளியுலகின் பார்வையிலிருந்து மறைந்தன. வாட்ஸ்அப் உட்பட யாவும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றன. பழுது பார்க்க வேண்டிய கருவிகள் பலவும் அதே பெயர்களை நம்பியிருந்ததால் அவையும் உதவவில்லை. 2025 அக்டோபரில் அமேசானின் வர்ஜீனியாக் கணிப்பொறி மையங்களில் ஒரு பெயருக்கு எதிரே எண் இல்லாமல் வெறுமையாகிப் போனதால், அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற சேவைகள் தடுமாறின.

“பெரிய நிறுவனங்கள்தாமே திறமையாகக் காக்க முடியும்? சிறிய கல்லூரியும் மருத்துவமனையும் இதைத் தாமே செய்ய இயலுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவரையே நம்பியிருக்க வேண்டாம் என்கிறேன். ஒரு பெயரைக் குறைந்தது இரண்டு கணிப்பொறிகளாவது காக்க வேண்டும் என்பது தொடக்க கால விதி. அவை வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும் என்று 1997இல் வந்த நெறிமுறை வலியுறுத்தியது. வீட்டின் மாற்றுச் சாவியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவோமா?

மாணவ நண்பர்களே! கணிப்பொறிக் கூடத்தில் ‘என்எஸ்லுக்கப்’ என்ற கட்டளை இருக்கிறது. நாம் சார்ந்திருக்கும் ஒரு பொது நிறுவனத்தின் பெயரை அதற்குக் கொடுத்து, அந்தப் பெயரைக் காப்பவர் யார், எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பெயர்கள் குறிப்பிட்ட காலத்துக்கே பதிவு செய்யப்படுகின்றன. புதுப்பிக்கும் பொறுப்பு எந்த அலுவலருக்கு என்றும் விசாரியுங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் நிலத்தில் வீடு கட்டுவாரில்லை. நாமோ கல்வியையும் வைத்தியத்தையும் வங்கியையும் இந்தப் பெயர்களின் மேல் கட்டிக்கொண்டிருக்கிறோம்.