வீடு மாறியது குற்றமா?

சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் ஒரு குடிசை. அங்கே பிறந்து, அந்த முகவரியிலேயே ஓட்டுப் போட்டு வந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையை மீட்கிறோம் என்று சொல்லி அரசே அவளைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கொண்டுபோய் இறக்கியது. வேலை செய்யும் வீடு இன்னும் மயிலாப்பூரில். ஓட்டு இன்னும் பழைய முகவரியில். 2025 நவம்பரில் கணக்கெடுப்புப் படிவத்தோடு வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) தேடியது, இடித்துத் தள்ளப்பட்ட அந்தக் குடிசையை. ஆள் இல்லை. ‘இடம்பெயர்ந்தவர்’ என்று குறித்துக்கொண்டார். பெயர் போயிற்று.

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் தேர்தல் ஆணையம் நடத்திய வேலையின் லட்சணம் இது. 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 40 லட்சம் பேரில் 14 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் நீக்கப்பட்டிருந்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல்.

பட்டியலில் குப்பை இருந்தது உண்மை. செத்தவர் பெயர் பல ஆண்டு நீடித்தது. ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் ஓட்டு இருந்தது. அதைக் களைவதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் களை எடுக்கிறேன் என்று இறங்கியவர் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கினால் அதற்குப் பெயர் விவசாயம் அல்ல.

குடிமக்கள் அல்லாதோரை நீக்குவதும் இந்தத் திருத்தத்தின் நோக்கம் என்றது ஆணையம். அரசியல் சட்டத்தின் 326ஆவது பிரிவும், 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆவது பிரிவும் சொல்வது அதுதான்: குடிமகன் அல்லாதவருக்குப் பட்டியலில் இடமில்லை. நமக்கும் மறுப்பில்லை. ஆனால் தமிழ்நாட்டில் நீக்கப்பட்டவர்களுக்கு ஆணையம் தந்த கணக்கு என்ன? ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தவர்கள். 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள். மீதி, இரட்டைப் பதிவு. அந்நியரைத் தேடிப் போட்ட வலையில் சிக்கியவர்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து மந்தைவெளியிலிருந்து மடிப்பாக்கத்துக்குப் போனவன், அதனால் இந்தியக் குடிமகன் இல்லை என்றாகிவிடுமா?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் கிரீன் கார்டோடு குடியிருக்கும் அடையாறு வீட்டுப் பிள்ளை, இந்திய பாஸ்போர்ட்டை விடாத வரைக்கும் குடிமகன்தான். படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள அடையாறு முகவரியிலேயே ஓட்டு வைத்துக்கொள்ள அதே 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஏ பிரிவு வழி செய்கிறது. நல்ல சட்டம்தான். கடல் கடந்தவரின் உரிமையைக் காக்கத் தெரிந்த நாட்டுக்கு, பெரும்பாக்கம் போனவளின் உரிமையைக் காக்கத் தெரியவில்லையே!

நீக்கப்பட்டவரிடம் படிவம் 6 கொடுக்கச் சொல்கிறார்கள். அது புது வாக்காளருக்கானது. இருபது ஆண்டு ஓட்டுப் போட்டவர் பதினெட்டு வயதுப் பிள்ளையைப் போல வரிசையில் நின்று, தான் இந்தியக் குடிமகன் என்று மறுபடி உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அவரோ பெற்றோரோ முந்தைய தீவிரத் திருத்தத்தின் 2002, 2005 பட்டியலில் எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்றும் கேட்கிறார்கள். 2008 மறுசீரமைப்பில் தொகுதிகளின் எல்லையே மாறிப்போன ஊர் இது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் குடியுரிமையைச் சந்தேகித்தால், அதற்கான ஆதாரத்தை அவருக்குக் காட்டி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஆணையமோ நிரூபிக்கும் பாரத்தைத் தூக்கி மக்கள் தலையில் வைத்திருக்கிறது.

சில பெயர்கள்தானே என்று தட்டிக்கழிக்க வேண்டாம். 2021இல் தியாகராய நகர் தொகுதியின் முடிவு 137 ஓட்டு வித்தியாசத்தில் வந்தது. ஓர் அடுக்குமாடி வளாகம் விடுபட்டால் போதும், ஒரு சட்டமன்ற உறுப்பினர் மாறிவிடுவார்.

ஆணையம் தவறைத் திருத்தியாக வேண்டும். நீக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் காரணத்தோடு எழுத்து மூலம் அறிவிப்பு போக வேண்டும். வாக்குச்சாவடிச் சுவரில் ஒட்டுவது அறிவிப்பாகாது. இடம் மாறியவருக்குப் படிவம் 8 இருக்கிறது. அதன்படி பழைய வாக்காளராகவே புது முகவரிக்கு மாற்ற வேண்டும். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் நடத்த வேண்டும். ஒதுக்கீடு பெற்ற குடும்பங்களின் பட்டியல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. சென்னை மாவட்டத் தேர்தல் அலுவலரோ மாநகராட்சி ஆணையர். ஒரே ஊரில் இருக்கும் இரண்டு அலுவலகக் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க யார் தடுத்தார்கள்?

குடிசையை இடித்த அன்று பிளாக் எண், கதவு எண் வரை எழுதிக் கையெழுத்து வாங்கியது அரசு. ஓட்டை அழிக்கும்போது மட்டும் அவள் இருக்குமிடம் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது.