வாசலில் எழுதிய பெயர்கள்



சென்ற மாதம் ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். "டி.வி.யில் வெள்ளைக்காரர்களின் கிராமம் ஒன்றைக் காட்டினார்கள், அம்மா. கல் வீடு, பூந்தோட்டம், நடுவிலே பழைய மாதாகோயில். நம் தோட்டத்துத் துரைமார் அந்த மாதிரி ஊரிலிருந்துதானே வந்திருப்பார்கள்? அங்கே பிறந்தவர்களுக்கு என்ன குறை இருக்கப் போகிறது?" என்று கேட்டிருந்தார்.

துரையின் பங்களாவை நமக்குத் தெரியும், அவர் நாயைக்கூடத் தெரியும். அவர் ஊர் எப்படி என்று யார் நமக்குச் சொன்னார்கள்? நான் படித்தறிந்த ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பிஷயர் என்ற மாவட்டத்தில், மலைச்சாரலில் இருக்கிறது ஈம். ஏழை ஊர். ஒரு காலத்தில் ஆண்கள் ஈயச் சுரங்கத்தில் இறங்கினார்கள். மற்றவர்கள் ஆடு மேய்த்தார்கள், பயிர் செய்தார்கள்.

அந்த நாட்டில் ஒரு மாதாகோயிலும் அதைச் சேர்ந்த வீடுகளும் நிலமும் சேர்ந்ததைப் பாரிஷ் என்பார்கள். 1538இல் ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு பாரிஷிலும் பாதிரியார் ஒரு புத்தகம் வைத்து, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுத வேண்டும். பண்ணைக்காரர் பிள்ளைக்கும் கூலிக்காரன் பிள்ளைக்கும் அதே புத்தகம். நம் பெயரும் தோட்டத்துச் செக்ரோலில் இருந்ததே என்பீர்கள். இருந்தது, நாம் எத்தனை நாள் பிரட்டுக்கு வந்தோம் என்று கணக்குப் பார்க்க.

1665ஆம் வருஷம் லண்டனில் பிளேக் நோய் ஆயிரக்கணக்கில் ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அங்கிருந்து ஈம் ஊர்த் தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணிப்பெட்டி வந்தது. துணி ஈரமாக இருந்ததால், வேலையாள் ஜார்ஜ் விக்கர்ஸ் அதை விரித்து அடுப்பருகே காய வைத்தார். துணியில் இருந்த தெள்ளுப்பூச்சியால்தான் நோய் வந்திருக்கும் என்று இன்று சொல்கிறார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி அவரை அடக்கம் செய்தார்கள். பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு.

மறு வருஷம் ஜூன் மாதம் நோய் மறுபடி தலைதூக்கியது. பாதிரியார் வில்லியம் மாம்பெஸனுக்கு இளம் வயது. அவருக்கு முன்பு அங்கே இருந்த தாமஸ் ஸ்டான்லி, புதிய சட்டத்துக்கு உட்பட மறுத்ததால் பதவி இழந்தவர். ஜனங்களுக்கு அவர் பேச்சில்தான் நம்பிக்கை. ஆகாத இருவரும் சேர்ந்து நின்று ஊராரிடம் கேட்டார்கள்: நாம் வெளியே ஓடினால் நோயும் நம்மோடு ஓடும், ஊர் எல்லையைத் தாண்டாமல் இருப்போமா? ஊர் சம்மதித்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வசதி உள்ள சிலர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். பாதிரியாரும் தம் இரண்டு பிள்ளைகளை யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார். பெற்ற மனம், குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் போக இடமில்லாதவர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தானே? அவர் மனைவி கேதரின் மட்டும் கணவரை விட்டுப் போக மறுத்தார். ஆகஸ்ட் 25ஆம் தேதி அவரும் போய்ச் சேர்ந்தார்.

எல்லையில் ஒரு கல். அதில் குழிகள் வெட்டியிருக்கும். வெளியூரார் உணவை அங்கே வைத்துவிட்டு விலகிப் போவார்கள். ஈம் ஜனங்கள் குழியில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டு வைப்பார்கள். பக்கத்து ஜமீன்தாரான டெவன்ஷயர் பிரபுவும் உணவுப் பொருள் அனுப்பினார். மாதாகோயிலை மூடிவிட்டு, பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று ஜெபம் செய்தார்கள். செத்தவர்களை அவரவர் வீட்டார்தான் அவரவர் நிலத்தில் புதைக்க வேண்டும்.

எலிசபெத் ஹான்காக் என்ற தாயின் கதையை எழுதக் கை நடுங்குகிறது. 1666 ஆகஸ்ட் மாதம், எட்டு நாளுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். தூக்க ஆள் வரவில்லை. வயலில் ஒவ்வொரு குழியையும் தாமே தோண்டினார், தாமே இழுத்துப் போனார்.

நவம்பர் மாதத் தொடக்கத்தில் நோய் நின்றது. செத்தவர்கள் சுமார் 260 பேர். ஊரில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. ஆனால் செத்தவர்களின் பெயர்களில் வழக்கு அதிகம் இல்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன.

இப்போது வாசகியின் கேள்விக்கு வருகிறேன். அந்த ஊரில் 2011 குடிமதிப்பின்படி ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பேர் இருந்தார்கள். நோய் தொடங்கிய வீடுகள் மாதாகோயிலுக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கின்றன. பொம்மை வீடுகள் அல்ல, அடுப்பெரிகிற வீடுகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பலகை. இன்னார் இந்தத் தேதியில் இறந்தார், அவர் மகன் இந்தத் தேதியில் இறந்தார் என்று வரிசையாக எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வெளியூர் ஜனங்கள் வேலிக்கு வெளியே நின்று உரக்கப் படிப்பார்கள், படம் பிடிப்பார்கள். உள்ளே நீங்கள் சோறு தின்றுகொண்டிருப்பீர்கள்!

அந்த மாதிரிப் பழைய வீட்டில் உங்கள் இஷ்டத்துக்கு ஒரு சன்னலைக்கூட மாற்ற முடியாது; அரசாங்க அனுமதி வேண்டும். அந்த மலைப்பக்கமே 1951 முதல் தேசியப் பூங்கா என்பதால் புது வீடு கட்டுவதும் லேசல்ல. அழகைப் பார்த்து வசதிக்காரர்கள் வாங்க வருகிறார்கள், விலை ஏறுகிறது. அப்பக்கத்துக் கிராமங்களில் பிறந்த வாலிபர்கள் பலர் சொந்த ஊரில் வீடு வாங்க முடியாமல் வெளியேறுகிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தைக் காலி செய்தவர்களுக்கு இந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, நல்லது ஒன்றும் இல்லையா? உண்டு. ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊரே அந்தப் பள்ளத்தாக்குக்கு நடந்து போகிறது. அதையொட்டிக் கிணறுகளுக்கு அலங்காரம் செய்கிறார்கள். பெரிய மரப்பலகையில் ஈரக் களிமண் பூசி, பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் செய்வது. நம் பூக்கோலத்தை நிமிர்த்தி வைத்தது போல. பல கைகள் கூடி நாள்கணக்காகச் செய்வது, சில நாளில் வாடிவிடும். அடுத்த வருஷம் மறுபடி செய்கிறார்கள்.

2020இல் கொரோனா வந்து நம்மை வீட்டுக்குள் அடைத்தபோது, உலகப் பத்திரிகைகள் ஈம் ஊரைப் பற்றி நிறைய எழுதின. அப்போதுதான் நானும் படித்தேன். படித்ததும் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. அவரைப் புதைத்த தோட்டம் கைமாறிச் செம்பனை ஆகிவிட்டது. எந்த மரத்தடி என்று காட்ட இன்று யாரும் இல்லை. அவர் முழுப்பெயரே அப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. லயத்தில் எல்லாரும் "கிழக்குவீட்டு ஆயா" என்றுதான் கூப்பிட்டார்களாம்.

ஆகவே, அம்மா, அந்த ஊரில் குறை இருக்கிறது. பொறாமைப்பட ஒன்றும் இருக்கிறது.

ஹான்காக் குடும்பத்துக் கல்லறைகளைச் சுற்றி இப்போது வட்டமாகக் கல்மதில் கட்டியிருக்கிறார்கள். ஊரிலிருந்து மேடேறி நடந்து போக வேண்டும். உள்ளே கணவருக்கும் ஆறு பிள்ளைகளுக்கும் கல் உண்டு. குழி தோண்டிய தாய்க்கு அங்கே கல் இல்லை. அவர் பிழைத்து, மிஞ்சிய ஒரு மகனைத் தேடி ஷெஃபீல்டு பட்டணத்துக்குப் போய்விட்டார்.