நல்ல பீர் எங்கே சார் கிடைக்கும்?

வாசகர் ஒருவர் போன் செய்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும், மார்க்கெட்டிங் வேலை. "சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிப்பவர்கள் வழக்கமாக சிபாரிசுக் கடிதம்தான் கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

"பெங்களூர்ல இருக்கிற மாதிரி, அங்கேயே தயாரிச்சு அங்கேயே ஊத்துற பீர் பார் நம்ம சென்னையில எங்க சார் இருக்கு? ஒய்ஃபையும் கூட்டிட்டுப் போகணும்."

கேள்வியின் முதல் பாதிக்காக இல்லை, கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

விவரம் தெரிந்த நாலைந்து பேரிடம் விசாரித்தேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அதுக்கு நீங்க பெங்களூர்தான் போகணும்." ஒருவர் மட்டும் கொஞ்சம் தாராளமாக, "பாண்டிச்சேரியிலகூட வந்துடுச்சு சார்" என்றார். ஒரு நட்சத்திர ஓட்டல் பாரில் நானே போய், "லோக்கலா ஏதாவது பீர் இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன். பேரர் ரொம்ப மரியாதையாக ஒரு ஸ்ட்ராங் பீரைக் கொண்டுவந்து வைத்தார். "இது இங்க பக்கத்துல ஃபேக்டரிதான் சார்!"

அவர் மேல் தப்பில்லை. நமக்குத் தெரிந்த பீர் ஃபேக்டரியில் பிறந்து, பாட்டிலில் அடைபட்டு, கெடாமலிருக்கச் சூடுகாட்டப்பட்டு, லாரியில் வந்து, கிடங்கில் காத்துக் கிடப்பது. மைக்ரோ புரூவரி பீர் அப்படி இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் என்ற பூ, ஈஸ்ட். இவ்வளவுதான் சமாச்சாரம். கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிற தொட்டியில் புளித்து, குளிர்ந்து, குழாய் வழியாக நேரே உங்கள் கிளாஸுக்கு வரும். சில வாரங்களில் குடித்துத் தீர்க்க வேண்டிய சரக்கு. இட்லி மாவு மாதிரிதான். புதுசாக இருந்தால் அருமை, நாள்பட்டால் வீண்.

பெங்களூருக்கு இது எப்படி வந்தது? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நீலகிரியில் சின்னச் சின்ன பீர் ஆலைகள் இருந்தன. தாமஸ் லீஷ்மன் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்திய ஆலைகள் ஐந்தைச் சேர்த்து 1915-ல் யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை ஆரம்பித்தார். சின்னது எல்லாம் சேர்ந்து பெரிசாச்சு. அந்தக் கம்பெனி பிற்பாடு விட்டல் மல்லையா கைக்குப் போனது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 2011-ல், அதே விட்டல் மல்லையா பெயர்கொண்ட ரோட்டில் 'தி பியர் கிளப்' என்ற மைக்ரோ புரூவரி திறந்தது. பெரிய ஆலை முதலாளியின் ரோட்டிலேயே சின்ன பீர் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது! இந்திரா நகர் நூறடி ரோட்டில் 'டாய்ட்', 2012-ல் 'ஆர்பர்', ஒயிட்ஃபீல்டில் 'விண்ட்மில்ஸ்' என்று வரிசையாக வந்து, இன்றைக்கு அந்த ஊரில் அறுபதுக்கும் மேல். இதற்கெல்லாம் முன்னாலேயே, 2009-ல், புனேயில் 'டூலாலி' ஆரம்பித்துவிட்டது. வானத்திலிருந்து எதுவும் குதிக்கவில்லை. அந்தந்த மாநில அரசு சின்னதாகத் தயாரிப்பவனுக்கும் லைசென்ஸ் தர விதி செய்தது. அவ்வளவுதான்.

அறுபது இருந்தால் அறுபதும் நல்லதா? இல்லை. அலங்கார விளக்குக்கும் காதைக் கிழிக்கிற டி.ஜே.வுக்கும் காசு வாங்கிக்கொண்டு, பீரை ஒப்புக்கு ஊற்றுகிற இடங்களும் நிறைய உண்டு. நல்லதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறேன். ஆர்டர் பண்ணுவதற்கு முன்னால், "இன்னிக்கு எது புதுசு?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் எழுந்துவிடலாம். ருசி பார்க்க ஒரு வாய் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவருக்குத் தன் சரக்கில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். கிளாஸின் உள்பக்கச் சுவரில் குமிழ்கள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. கோதுமை பீர் கலங்கலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அதில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் அடிக்கும். இரண்டையும் யாரும் போடுவதில்லை, ஈஸ்ட் செய்கிற வித்தை அது. ஆனால், வெண்ணெய் வாசனை அடித்தால் புளிக்கவைத்தவர் அவசரப்பட்டிருக்கிறார். புளிப்பு பீர் கேட்காதபோது காடி வாசனை வந்தால் குழாயைக் கழுவி நாளாகிவிட்டது. கேழ்வரகு, கூர்க் காபி, சீசனில் மாம்பழம் என்று உள்ளூர்ச் சரக்கைப் போட்டு ஏதாவது முயற்சி செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 'லோக்கல்' என்று போர்டு எழுதுவதைவிட இது கஷ்டமான வேலை.

முக்கியமாக, போகும்போதும் வரும்போதும் மெட்ரோ. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம்.

சரி, இப்போது ஊருக்கு வருவோம். மனைவியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு ஆணுக்குத் தோன்றுகிற இடம் எப்படி இருக்கும்? வெளிச்சம் இருக்கும். உட்கார நாற்காலி இருக்கும். சுத்தமான டாய்லெட் இருக்கும். பக்கத்து டேபிளில் குழந்தையோடு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே மூன்றாவது கிளாஸில் உளற ஆரம்பித்தால் அவமானம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே பாதி போலீஸ்.

நம் டாஸ்மாக்கை நினைத்துப் பாருங்கள். கம்பி வலைக்குள் கைவிட்டு வாங்கு. ஒட்டியிருக்கிற பாரில் ஈரத் தரையில் நின்று, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, மடக்கென்று குடி, வெளியே போ. இது குடிப்பதற்கான இடம் இல்லை சார், போதை ஏற்றிக்கொள்வதற்கான இடம். பீர் கேட்டால் முதலில் கைக்கு வருவது ஸ்ட்ராங். பிராந்தி, விஸ்கி எல்லாம் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். 1983-ல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்ட கம்பெனி, 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையையும் தானே நடத்துகிறது. 2023-24-ல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறவனால் இந்தக் கணக்குக்கு என்ன லாபம்? தானே தயாரித்துத் தானே விற்கிற சின்ன ஆள், ஒரே மொத்த வியாபாரி என்ற ஏற்பாட்டுக்குள் எங்கே பொருந்துவான்?

"ஊரே குடியால் கெட்டுக் கிடக்கு, நீ புதுசா பார் திறக்கச் சொல்றியா?" என்று சிலர் கோபப்படுவீர்கள். நியாயமான கோபம். பூரண மதுவிலக்கு கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுடைய நிலையில் ஒரு நேர்மை இருக்கிறது. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது, பெங்களூர் பீருக்கும் சேர்த்துத்தான். யாரையும் குடிக்கச் சொல்லி இங்கே எழுதவில்லை. என் சண்டை, 'மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு' என்று எழுதிவைத்துவிட்டு, அந்தக் கேட்டின் மிக மோசமான வடிவத்தை மட்டும் விற்கிற அரசாங்கத்தோடு. விற்பதானால் மனுஷத்தனமாக விற்கட்டும். முடியாது என்றால் நிறுத்தட்டும்.

இன்னொரு கேள்வியும் வரும். "கிராஃப்ட் பீர் பணக்காரன் சமாசாரம்தானே?" ஆமாம், ஒரு கிளாஸ் சில நூறு ரூபாய். அதனால்தான் பீரோடு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. தமிழ்நாட்டின் அசல் கிராஃப்ட் பீர் எது தெரியுமா? கள். மரத்திலேயே புளிக்க ஆரம்பித்து, அன்றைக்கே குடிக்க வேண்டியது. உள்ளூர் மரம், உள்ளூர் தொழிலாளி, உள்ளூர் பானை. பனைதான் நம் மாநில மரம். ஆனால், 1987-லிருந்து இங்கே கள்ளுக்குத் தடை. கேரளத்தில் கள்ளுக்கடை லைசென்ஸோடு நடக்கிறது. இங்கே இறக்கினால் வழக்கு. பிராந்தி விற்கிற அரசாங்கம், கள் இறக்குகிறவனைக் கைது செய்கிறது! டாஸ்மாக்கும் எட்டாத ஏழை எங்கே போனான்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கள் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால், தடை யாரைக் காப்பாற்றியது என்று கேட்கிற உரிமை எனக்கு உண்டு.

சின்னதாகத் தயாரிப்பவருக்கு லைசென்ஸ், தொட்டியிலும் பானையிலும் ஒழுங்கான பரிசோதனை, உட்கார்ந்து குடிக்க வெளிச்சமான இடம். தப்பு செய்தால் சீல் வையுங்கள். பீருக்கும் இதே விதி, கள்ளுக்கும் இதே விதி. கேட்பது இவ்வளவுதான்.

போன் செய்த வாசகர் ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் மனைவியோடு பெங்களூர் போய்வந்தார். திரும்பி வந்து போன் செய்தார். "எப்படி இருந்தது?" என்றேன்.

"அவ ரெண்டு வாய் குடிச்சுட்டு, கசக்குதுன்னு எங்கிட்ட தள்ளிட்டு, லைம் ஜூஸ் சொல்லிட்டா சார். ஆனா, ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கல."

அதற்கு அவர்கள் போக வர எழுநூறு கிலோமீட்டர் அலைய வேண்டியிருந்தது.