ஒரு கையில் சீட்டு, மறு கையில் கரண்டி



உணவுச் சிறப்பிதழ் என்று முடிவானதுமே குழுவில் மெஸ், ரயில் பெட்டி, அன்னதானக் கூடம் என ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது போக்கர் சீட்டாட்ட மேசை! பயப்படாதீர்கள், உங்களை ஆடச் சொல்லப் போவதில்லை. சாப்பாட்டை மட்டும் எட்டிப் பார்ப்போம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பெரிய சீட்டாட்டக் கூடங்கள் உண்டு. 1983-இல் திறந்த காமர்ஸ் கேசினோவும், அடுத்த வருடமே வந்த பைசைக்கிள் கேசினோவும் பெயர் போனவை. அங்கே பசித்தால் எழ வேண்டியதில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். சக்கரம் வைத்த குட்டி மேசை ஒன்று உங்கள் முழங்கைப் பக்கம் வந்து நிற்கும், அதில் ஆவி பறக்கும் தட்டு. ஆட வருகிறவர்களில் ஆசியக்காரர்கள் நிறைய என்பதால் பர்கர், ஸ்டேக்கோடு வியட்நாம் நூடுல்ஸ் சூப்பும் சீனத்து ஃப்ரைட் ரைஸும் கிடைக்கும். டிப்ஸைக்கூட ஆட்டக் காசாகவே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

உபசாரம் பலமாக இருக்கிறதே என்று தோன்றும். கணக்கு வேறு. கலிபோர்னியாச் சட்டப்படி ஆட்டத்தின் லாப நஷ்டத்தில் கூடத்துக்குப் பங்கு கிடையாது. ஆடுகிறவர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ள, கூடம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அல்லது அரை மணிக்கொரு தரம் கட்டணம் வாங்குகிறது. ஒன்பது பேரில் மூன்று பேர் சாப்பிடக் கிளம்பினால் மற்றவர்களுக்கும் உற்சாகம் போய்விடும். மேசையே கலைந்தாலும் கலையும். அதற்கு ஒரு தட்டு சோற்றை உட்கார்ந்த இடத்துக்கே அனுப்பிவிடுவது எவ்வளவோ மலிவு! ஆடுகிறவருக்கும் எழ மனம் வராது. முறை வரும்போது கட்டாயமாக வைக்க வேண்டிய பணத்துக்கு 'பிளைண்ட்' என்று பெயர். ஆள் இல்லாமல் அது தவறிப்போனால், திரும்பி வந்ததும் அதைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் முறை மறுபடி வரும்வரை ஆடாமல் காத்திருக்க வேண்டும்.

லாஸ் வேகாஸில் பல இடங்களில் மேசைக்கு இலவசமாக மது வரும், சாப்பாட்டுத் தட்டு வராது. எது வரலாம், எது கூடாது என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சாப்பிடுவதற்கு நேரம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். நன்றாக ஆடுகிறவருக்குத் தாராளமாகக் கிடைக்கும். வருகிற சீட்டில் பெரும்பாலானவற்றை அவர் பார்த்த மாத்திரத்தில் வீசிவிடுவார். நூடுல்ஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஜோடி ஏஸ் வந்து விழுந்தால்தான் சங்கடம். சூப் ஆறும், கை துடைக்கக் காகிதம் தேட வேண்டும். சீட்டுகள் முழு பிளாஸ்டிக் என்பதால் எண்ணெய்க் கறை பட்டாலும் துடைத்துவிடலாம். இருந்தாலும் கோழி இறக்கையைக் கடித்த விரலால் சீட்டைத் தொடுகிறவரை அடுத்த நாற்காலிக்காரர் பார்க்கும் பார்வை இருக்கிறதே! அவர் பக்கம்தான் நான்.

தின்பதற்காக இல்லாமல் மேசைக்கு வந்த பழம் ஒன்றும் உண்டு. 1987, 1988 என்று தொடர்ந்து இரண்டு வருடம் போக்கரில் உலகப் பட்டம் வென்ற ஜானி சான் பக்கத்தில் ஓர் ஆரஞ்சு வைத்திருப்பார். ராசிப் பழம் என்று ஊரே பேசியது. மேசையிலேயே புகைபிடித்த காலம் அது. அந்த நாற்றத்துக்கு மாற்றாக மோந்து பார்க்கத்தான் வைத்திருந்தாராம்.

எனக்குப் பிடித்த கதை ஹோவர்ட் லெடரருடையது. சைவக்காரரான அந்தப் போக்கர் ஆட்டக்காரரிடம், சீஸ் பர்கர் சாப்பிட முடியுமா என்று சக ஆட்டக்காரர் டேவிட் கிரே 10,000 டாலர் பந்தயம் கட்டினார். லெடரர் தின்று தீர்த்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு மனமிரங்கி, கிரேவுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்: அவருக்கு அறவே பிடிக்காத ஆலிவ் காய்களைக் கொஞ்சம் தின்றால், தோற்ற பணம் திரும்பிவிடும். கிரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்